குடல் கொழுப்புக்கட்டி: எண்டோஸ்கோபியா, அறுவை சிகிச்சையா?

பெருங்குடலில் வரும் லிப்போமா வெறும் கொழுப்புக்கட்டிதான். இடுக்கியால் அழுத்தினால் தலையணை போலக் குழிந்து, விட்டதும் எழும்பும். தொந்தரவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்து ரத்தக்கசிவு, வயிற்றுவலி என்று வந்தால்தான் இந்தக் கேள்வியே.

காம்புள்ள கட்டிக்கு எண்டோஸ்கோபியே (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு எடுப்பது) மேல் என்பேன். வயிற்றில் தையல் இல்லை, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் கட்டியைச் சுருக்குக் கம்பியில் மாட்டி, மின்சாரம் பாய்ச்சித்தான் அறுப்பார்கள்; கொழுப்போ மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதற்காகக் கூடுதல் நேரம் பாய்ச்சினால் குடல் சுவர் ஓட்டையாகலாம். அதனால் சில மருத்துவர்கள் அடியில் நைலான் வளையத்தை இறுக்கிவிடுகிறார்கள். ரத்தம் கிடைக்காமல் கட்டி தானாக உதிரும்.

பெரியவர்களுக்குக் குடலுக்குள் குடல் செருகி அடைத்துவிட்டதா? அப்புறம் தள்ளிப்போடக் கூடாது, அறுவை சிகிச்சைதான். புற்றோ என்ற சந்தேகம் தீராதபோதும் அதுவே சரி.