சோடியமா, ஹீலியமா, உருகிய உப்பா? நான்காம் தலைமுறை அணு உலைகளின் பாதுகாப்பு

அணு உலையை நிறுத்துவதைவிட, நிறுத்திய பின் அதைக் குளிர்விப்பதே கடினமான வேலை. கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்கித் தொடர்வினை நின்ற பிறகும், எரிபொருளுக்குள் சேர்ந்திருக்கும் பிளவு விளைபொருள்கள் சிதைந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் 6 முதல் 7 விழுக்காடும், ஒரு நாள் கழித்து ஏறத்தாழ அரை விழுக்காடும் வெப்பமாக வெளிவருகின்றன. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா டாயிச்சி நிலையத்தில் இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் நிலநடுக்கத்தை உணர்ந்தவுடன் முறையாகவே நின்றன. பின்னர் வந்த ஆழிப்பேரலை டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்ததால், எஞ்சிய வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் எரிபொருள் உருகியது; சிர்க்கோனியம் உறை நீராவியுடன் வினைபுரிந்து உண்டாக்கிய ஹைட்ரஜன் கட்டடங்களைத் தகர்த்தது.

ஆகவே புதிய வடிவமைப்பு எதையும் இரண்டு கேள்விகளால் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. மின்சாரமும் மனிதத் தலையீடும் இல்லாதபோது இந்த வெப்பம் எங்கே போகும்? அந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகத் தேர்ந்தெடுத்த பொருள் எந்தப் புதிய ஆபத்தைக் கூட்டிவருகிறது? முதல் கேள்விக்கு வடிவமைப்பாளர்கள் உற்சாகமாகப் பதில் சொல்கிறார்கள். இரண்டாவதை நாம்தான் விடாமல் கேட்க வேண்டியிருக்கிறது.

நீரால் குளிர்விக்கப்படும் உலைகளும் இதற்குள் மாறியிருக்கின்றன. ஏபி1000 என்ற அமெரிக்க வடிவமைப்பில், கதிரியக்கம் வெளியேறாமல் உலையைச் சூழ்ந்திருக்கும் காப்புக் கட்டடத்தின் உச்சியில் உள்ள தொட்டியிலிருந்து நீர் புவியீர்ப்பினாலேயே வழிந்து, 72 மணி நேரம் உலையை இயக்குவோரின் உதவியின்றிக் குளிர்விக்கும் வகையில் அமைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கும் நீர் ஏறத்தாழ 155 பார் அழுத்தத்தில்தான் இருக்கிறது. குழாய் உடைந்தால் அது கொதித்து வெளியேறும். இன்றைய உலைகளுக்கு அடுத்து வரவேண்டியவை என்ற பொருளில், 2002இல் ஒரு பன்னாட்டு அமைப்பால் நான்காம் தலைமுறைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு வடிவமைப்புகளில் அதிகம் பேசப்படும் மூன்று, அந்த நீரையே உலையிலிருந்து விலக்கிவிடுகின்றன.

சோடியம் 883 பாகை செல்சியஸில்தான் கொதிக்கிறது; உலை இயங்கும் 550 பாகையளவிலான வெப்பநிலையில் அதற்கு உயர் அழுத்தம் தேவையில்லை. 1986 ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவின் இபிஆர்-2 என்ற சோடியம் சோதனை உலையில், அவசர நிறுத்த அமைப்பைச் செயல்படாமல் தடுத்துவைத்து, முழுத் திறனில் குளிர்விப்பு எக்கிகளை நிறுத்திப் பார்த்தார்கள். சூடேறிய எரிபொருளும் கட்டமைப்பும் விரிந்து நியூட்ரான்கள் வெளியே கசிய, தொடர்வினை தானாகவே தணிந்தது. செர்னோபில் விபத்துக்கு மூன்று வாரங்களே முன்பு நடந்த இந்தச் சோதனை இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது. ஆனால் அது சிறிய உலை. பெரிய சோடியம் உலைகளின் மையத்தில் சோடியம் கொதித்து வெற்றிடம் உண்டானால் வினை தணிவதற்குப் பதிலாக வேகம் கூடக்கூடும். சிறிய உலையின் வெற்றியைப் பெரிய உலைக்குச் சான்றாக நீட்டுவது சரியன்று.

வேதியியல் மற்றொரு சுமை. சோடியம் காற்றில் எரியும், நீருடன் கடுமையாக வினைபுரியும். ஜப்பானின் மொன்ஜு உலையில் 1995 டிசம்பரில் வெப்பமானி உறை ஒன்று ஓட்டத்தின் அதிர்வால் முறிந்ததில், நூற்றுக்கணக்கான கிலோ சோடியம் கசிந்து தீப்பற்றியது. கசிந்தது உலையின் மையத்தைத் தொடாமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் இரண்டாம் சுற்றுச் சோடியம் என்பதால் கதிரியக்கம் வெளியேறவில்லை; எனினும் உலை 2010 வரை முடங்கியது, 2016இல் கைவிடப்பட்டது. ரஷ்யாவின் பிஎன்-600 பல கசிவுகளையும் தீ விபத்துகளையும் கடந்து 1980 முதல் மின்சாரம் தந்துவருகிறது. சோடியத்தோடு வாழ முடியும், ஆனால் அதற்குத் தளராத ஒழுக்கம் வேண்டும் என்றே இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன்.

மூன்றில் அடுத்தது, ஹீலியத்தால் குளிர்விக்கப்படும் கூழாங்கல் படுகை உலை. அதன் பலம் எரிபொருளிலேயே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான எரிபொருள் மணிகளைக் கரிமம், சிலிக்கன் கார்பைடு ஆகியவற்றின் அடுக்குகளால் மூடி, அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றைக் கிராஃபைட் உருண்டைக்குள் பதிக்கிறார்கள். 1600 பாகை வரை அந்த உறைகள் பிளவு விளைபொருள்களைப் பிடித்துவைக்கின்றன. குளிர்விக்கும் ஹீலியம் எதனுடனும் வினைபுரியாது. மையத்தின் ஓர் அலகுப் பருமனில் உண்டாகும் வெப்பமான திறன் அடர்த்தியோ ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 3 மெகாவாட் மட்டுமே. வழக்கமான அழுத்த நீர் உலைகளில் இது 100ஐ ஒட்டியது. சீனாவின் ஷிடாவ்வானில் 2023இல் வணிக இயக்கத்துக்கு வந்த எச்டிஆர்-பிஎம் நிலையத்தில், தலா 200 மெகாவாட் வெப்பத்திறனில் இரு உலைகளிலும் குளிர்விப்பை நிறுத்திச் சோதித்தபோது, அவை தாமாகவே குளிர்ந்தன. வணிக அளவில் இத்தகைய நிரூபணம் வேறு எந்த நான்காம் தலைமுறை வடிவமைப்புக்கும் இல்லை. அதனால்தான் மூன்றில் இதை முன்வைக்கிறேன்.

ஆனாலும் ஒரு வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எரிபொருள் மணியின் உறையே போதுமான காப்பு என்றும், அழுத்தம் தாங்கும் காப்புக் கட்டடம் தேவையில்லை என்றும் இவ்வடிவமைப்பின் ஆதரவாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஜெர்மனியின் யூலிஷில் 1967 முதல் 1988 வரை இயங்கிய ஏவிஆர் உலையைப் பாருங்கள். 1978இல் நீராவி ஆக்கி கசிந்து, நீரில்லாத உலை எனப்பட்டதற்குள் நீர் புகுந்தது. வெப்பநிலையை அறிய உருகும் கம்பிகள் பொதிந்த உருண்டைகளைப் பின்னர் உள்ளே அனுப்பியபோது, மையம் கணிப்பைவிட மிகுந்த வெப்பத்தில் இருந்தது தெரியவந்தது. கதிரியக்கக் கிராஃபைட் தூசு படிந்த உலைக்கலனை இறுதியில் இலகு காங்கிரீட்டால் நிரப்ப வேண்டியதாயிற்று. இன்றைய மணிகள் தரத்தில் மேம்பட்டவை என்பது உண்மை. ஆனால் கோடிக்கணக்கான மணிகளின் தயாரிப்புத் தரத்தை மட்டுமே நம்பிக் கடைசித் தடுப்பை நீக்குவதற்குச் சில ஆண்டு இயக்க அனுபவம் போதாது.

உருகிய உப்பு உலையில் எரிபொருள் உருகிய உப்பில் கரைந்து ஏற்கெனவே திரவமாக இருப்பதால் உருகுதல் என்ற சொல்லே பொருளிழக்கிறது. மின்சாரம் நின்றால், கீழே குளிர்வித்து உறையவைத்திருக்கும் உப்புச் செருகி இளகி, எரிபொருள் முழுவதும் குளிர்விப்புத் தொட்டிக்குள் வடிந்துவிடும். ஆபத்தான பிளவு விளைபொருளான சீசியம் பெரும்பாலும் உப்பாகவே தங்கிவிடும். மூன்றில் எளிமையான அழகு இதற்கே உண்டு. ஆயினும் திட எரிபொருளின் உறை என்ற முதல் தடுப்பு இங்கே இல்லை. பிளவில் உண்டாகும் வாயுக்களான செனானும் கிரிப்டானும் தொடர்ந்து வெளியேறுவதால் வாயு வெளியேற்ற அமைப்பே ஒரு கதிரியக்கக் கிடங்காகிறது. கதிர்வீச்சு மிகுந்த குழாய்களையும் எக்கிகளையும் தொலைவிலிருந்தே பழுதுபார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் உருகிய உப்புச் சோதனை உலை 1965 முதல் 1969 வரை நன்றாகவே இயங்கியது. சிக்கல் வந்தது நிறுத்திய பிறகுதான். எரிபொருள் உப்பை வடிதொட்டிகளிலேயே உறையவிட்டுச் சென்றார்கள். கதிர்வீச்சு அந்த உப்பைச் சிதைத்து ஃபுளூரினை விடுவிக்க, அது யுரேனியத்தை ஆவியாகும் ஹெக்சாஃபுளூரைடாக மாற்றியது. அந்த யுரேனியம் வாயுக் குழாய்கள் வழியே, வெளியேறும் வாயுவை வடிகட்டும் கரிப்படுகை வரை நகர்ந்து சேர்ந்திருந்ததை 1994இல்தான் கண்டார்கள். துப்புரவுப் பணி அதன் பின்னும் பல ஆண்டுகள் நீண்டது. உருகிய உப்பு உலைக்கு உரிமம் கேட்பவர்கள், உலையை நிறுத்திய மறுநாள் முதல் அந்த உப்பை யார், எங்கே, எந்த வெப்பநிலையில் வைத்துக் காப்பார்கள் என்பதையும் விண்ணப்பத்திலேயே காட்ட வேண்டும்.