பச்சை பேஸ்ட்டா, 12000 கல்லா?

என்னிடம் இருப்பது ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த, 5/8 அங்குல அகலச் சவரக்கத்தி. தினமும் சவரத்துக்கு முன் வெறும் தோல் வாரில் ஐம்பது முறை தீட்டுவேன். அது எப்படியும் வேண்டும், அதில் விவாதமே இல்லை. இரண்டு மாதம் போனால் தாடையோரம் கத்தி முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும். அப்போது பேஸ்ட் தடவிய வாருக்குப் போவதா, 12000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நைசு) தீட்டுக்கல்லுக்குப் போவதா? இரண்டு வருடம் பேஸ்ட்டை நம்பியிருந்துவிட்டுக் கல்லுக்கு மாறியவன் நான்.

பேஸ்ட் சுலபம். குரோமியம் ஆக்சைடு, பச்சை நிறம், துகள் அரை மைக்ரான் அளவு. மெல்லிசாகத் தடவி, பத்து முறை இழுத்தால் போதும், மறுநாள் சவரம் வழுக்கிக்கொண்டு போகும். செலவும் குறைவு.

சிக்கல் கூரின் வடிவத்தில் இருக்கிறது. வாரில் கத்தியின் முதுகு முன்னே போகும், கூர் பின்னே வரும். கத்தி அழுத்தும் இடத்தில் தோல் பள்ளமாகி, கத்தி தாண்டியதும் எழும்பும். அப்படி எழும்போது கூரின் நுனியைக் கொஞ்சம் செங்குத்தான கோணத்தில் உரசிவிடும். வெறும் தோல் என்றால் பெரிய பாதிப்பில்லை. பேஸ்ட் இருந்தால் அந்த உரசல் இரும்பைத் தேய்க்கும். ஒவ்வொரு தடவையும் நுனி இம்மியளவு உருண்டையாகும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். பேஸ்ட்டில் எத்தனை தடவை தீட்டியும் கத்தி பதத்துக்கு வராத ஒருநாள், கூரின் இரு பக்கமும் கறுப்பு மார்க்கரால் தடவிவிட்டுக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலே மை சுத்தமாகப் போயிருந்தது. நுனியில் மட்டும் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு அப்படியே நின்றது. கல் நுனியைத் தொடவே இல்லை. அந்தக் கோடு போக அதைவிடச் சொரசொரப்பான 8000 கல்லுக்கு இறங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்கத் தேய்க்க வேண்டியதாயிற்று.

கல்லில் இந்தத் தொல்லை வரவில்லை. முதுகும் கூரும் ஒன்றாகப் படுக்க, கூரை முன்னே விட்டு, கத்தியின் எடை மட்டும் விழ இருபது இழுப்பு. கோணம் மாறுவதில்லை. ஆனால் கல்லையும் கவனிக்க வேண்டும். பென்சிலால் கட்டம் போட்டு, கட்டம் முழுக்க அழியும்வரை வைரத்தூள் பதித்த தகட்டில் தேய்த்துச் சமமாக்கணும். விலையும் பேஸ்ட்டைப் போலப் பல மடங்கு. கை பழகாதவர் அழுத்தினால் நல்ல கூரும் கெடும், பேஸ்ட் அந்த அளவுக்குத் தண்டிக்காது.

தோலுக்குப் பதில் சமமான பால்சா என்ற லேசான மரக்கட்டையில் பேஸ்ட் தடவினால் பள்ளம் விழுவது நன்றாகக் குறையும். நான் அதை ஒரு மாதம்தான் பயன்படுத்தினேன், நன்றாகவே இருந்தது. இரண்டு வருடத்தில் எப்படி என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. கல் வாங்க மனமில்லாதவர் தொங்கும் வாரை விட்டு இதற்குப் போகலாம்.

எதுவானாலும் தினசரி வாரில் பேஸ்ட்டைத் தடவிவிடாதீர்கள். தோலில் ஏறிய துகள் முழுசாக வெளியே வராது. பேஸ்ட்டில் தீட்டியபின் கத்தியைத் துடைத்துவிட்டுத்தான் வெறும் வாருக்குக் கொண்டுபோகணும். என் பச்சை வார் இப்போது தனிப் பையில் இருக்கிறது. கல்லில் முடித்த பிறகும் கழுத்தில் எரிச்சல் இருந்தால் மட்டும் எடுப்பேன், அதுவும் மூன்றே இழுப்பு.