ஆறு படி அலுமினிய மடக்கு ஏணி: விழுந்தால் யார் பொறுப்பு?

இந்த ஏணி 150 கிலோ தாங்கும். ஆளும் கையிலிருக்கும் கருவிகளும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பாகங்களை இணைக்கும் ரிவெட் ஆணிகள் இறுக்கம், ரப்பர் பாதங்கள் வழுக்குவதில்லை. குறை, விரித்த கால்களைப் பிடித்து நிறுத்தும் குறுக்குக் கம்பியின் பூட்டுதான். 'டக்' என்று விழும்வரை அழுத்தாவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும். அப்படியே ஏறினால் கால்கள் ஆட்டம் காணும். மடக்கிச் சுவரில் சாய்த்தும் ஏறாதீர்கள், பாதங்கள் தரையில் முழுதாகப் படியாமல் நழுவும்.

உச்சிப் படியில் நிற்கக்கூடாது என்ற எச்சரிக்கை கண்ணெதிரே சிவப்பில் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்தும் ஏறி நின்று விழுந்துவிட்டு, தயாரித்தவரிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவது அநியாயம். ரிவெட் கழன்று நீங்கள் விழுந்தால் கதையே வேறு, அது தயாரிப்பின் குறை. உடைந்த பாகம், ரசீது, புகைப்படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஏணியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள், சாட்சியே அதுதான்.