கேற்றடி மணி: பற்றரியா, வயரா?

கனடாவில் இருக்கும் அண்ணா போன வருடம் ஆடியில் வந்தபோது ஒரு வீடியோ மணி கொண்டுவந்தார். பற்றரியில் ஓடுவது, வைஃபையில் பேசுவது. ஏழு மாதம் அது எங்கள் கேற்றடியில் இருந்தது. இந்தப் பங்குனியில் அதைக் கழற்றிவிட்டு, வயர் இழுத்துப் பூட்டுகிற வீடியோ டோர் போன் போட்டோம். ஒரே கேற்றில் இரண்டையும் பாவித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் வீடு மாதிரி வீட்டுக்கு வயர்தான்.

எங்கள் வீடு மாதிரி என்றால்? யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் ஒழுங்கைக்குள் இருக்கும் பழைய வீடு. கேற்றிலிருந்து விறாந்தைக்கு எழுபது அடி. நடுவில் ஒரு மாமரம், இரண்டு தென்னை. சுவர்கள் அப்பப்பா காலத்துச் சுண்ணாம்புக்கல், ஒன்றரை அடித் தடிப்பு. பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான். அவருக்கு எழுபத்து நான்கு வயது, முழங்கால் வலி. யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் எழுபது அடி நடந்து போய்த் திரும்புவதைத் தவிர்க்கத்தான் இந்த மணியே.

படம், ஒலி, இரவுப் பார்வை எல்லாம் இரண்டிலும் போதுமான அளவுக்கு இருக்கின்றன. சொல்லப்போனால் பற்றரி மணியின் படம்தான் இன்னும் துல்லியம். பூட்டுவதும் லேசு, மதில் தூணில் இரண்டு துளை, இரண்டு ஆணி, அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. ரிங் (Ring) கம்பனியின் மணி போன்ற சிலவற்றில் பதிவு செய்த காட்சியைப் பின்னால் எடுத்துப் பார்க்க மாதச் சந்தா வேண்டும். உள்ளேயே சேமிக்கும் வகைகளும் உண்டு, எங்களது அப்படிப்பட்டது. ஆகவே அதுவும் பிரச்சினை இல்லை.

பிரச்சினை பற்றரி. முழுக்க முழுக்க அதுதான்.

பெட்டியில் ஆறு மாதம் என்று போட்டிருந்தது. எங்களுக்கு முதல் சார்ஜ் இருபத்து நான்கு நாள் நின்றது. ஏன் என்று விளங்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. இந்த மணி எப்போதும் விழித்திருப்பதில்லை. ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சர் தட்டி எழுப்பினால்தான் கமராவும் வைஃபையும் எழும்பும். எங்கள் ஒழுங்கை எட்டடி அகலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், சைக்கிள்கள், ஓட்டோ, மீன்காரர், பின்வளவு மாடுகள் என்று எல்லாமே கேற்றை உரசிக்கொண்டுதான் போகும். ஒவ்வொன்றுக்கும் அது எழும்பியது. ரவுட்டர் இருப்பதோ தடித்த சுவருக்குப் பின்னால் ஹோலில். சிக்னல் பலவீனமாக இருந்தால் அனுப்பவேண்டியதைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும், பற்றரி இன்னும் வேகமாகக் கரையும். விறாந்தையில் வைஃபை சிக்னலைத் தூரத்துக்குக் கடத்தும் எக்ஸ்ரென்டர் ஒன்று பூட்டி, சென்சரின் கூர்மையையும் குறைத்தேன். நாற்பது நாள் வரை இழுத்தது. ஆனால் கூர்மையைக் குறைத்த பிறகு, கேற்றடியில் ஆள் நின்று போனதுகூடப் பதிவாகாமல் விட்டது. அப்படியானால் எதற்கு கமரா?

கேற்று மேற்குப் பார்த்தது. பின்னேர வெயில் நேராக மணியில் விழும். மாசி, பங்குனியில் நாலு மணிக்குக் கை வைத்தால் சுடும். லித்தியம் பற்றரிக்கு வெக்கை ஆகாது, மெல்ல மெல்லக் கொள்ளளவு குறையும்.

சார்ஜ் போடுவது ஒரு சின்ன வேலைதானே என்று அண்ணா கேட்டார். கழற்ற நட்சத்திர வாய் உள்ள தனி ஸ்க்ரூட்ரைவர் வேண்டும். அது சாமி அறை லாச்சிக்குள் இருக்கும். நான் வேலையால் வந்து, ரோர்ச் பிடித்துக் கழற்றி, இரவு முழுக்க சார்ஜில் போட்டு, விடிய மறுபடி பூட்ட வேண்டும். நான் கொழும்பு போன கிழமை பார்த்துத்தான் அது நிற்கும். “தம்பி, மணி திரும்பவும் செத்துப்போச்சுது” என்று அம்மா போனில் சொல்வார். பார்சல்காரர் கேற்றின் கொளுக்கியைப் பிடித்து ஆட்டி “அக்கா! அக்கா!” என்று கூப்பிட, அம்மா எழுபது அடியும் நடந்து போயிருப்பார். வாங்கியதன் நோக்கமே அங்கே போய்விடுகிறது.

கரண்ட் நின்றாலும் பற்றரி மணி வேலை செய்யும் என்பார்கள். மணிக்கு உயிர் இருக்கும், ஆனால் ரவுட்டர் நின்றால் போனுக்குத் தகவல் வராது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. எதைப் பூட்டினாலும் ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று வேண்டும்.

வயர் மணிக்கு வருவோம். கேற்றில் ஒரு சின்னக் கமராப் பெட்டி, குசினிக்குப் பக்கத்துச் சுவரில் ஏழு அங்குலத் திரை, நடுவில் நாலு கோர் கேபிள், அதாவது உள்ளே நாலு வயர் ஓடும் கேபிள். செலவும் சிரமமும் அந்தக் கேபிளில்தான். முதலில் நிலத்தைக் கிண்டிக் குழாய் தாழ்க்கத்தான் நினைத்தோம். ஒரு அடி செம்மண், அதற்குக் கீழே அலவாங்கு டங்கென்று கல்லில் நின்றது. யாழ்ப்பாணத்தில் வளவு கிண்டியவர்களுக்கு இது புதிதில்லை. கடைசியில் மதிலின் உட்புறமாகப் பிவிசி குழாய் அடித்து, இடையில் ஒரு மூட்டும் இல்லாமல் ஒரே துண்டாகக் கேபிளை இழுத்தோம். மெல்லிய கேபிள் என்றால் நீளத்தில் வோல்ற் குறைந்து படம் நடுங்கும், அதனால் தடித்ததாகவே வாங்கினோம். கூலியும் குழாயும் சேர்ந்து கிட்டத்தட்ட மணியின் விலைக்கு வந்தன.

அந்த ஒரு நாள் வேலைக்குப் பிறகு நான் அதைத் தொடவேயில்லை. மணி அடித்தால் அம்மா கறிக்கரண்டியோடு வந்து திரையைப் பார்ப்பார், பொத்தானை அமத்தி “ஆரது?” என்பார். போன் தேட வேண்டாம், கண்ணாடி தேட வேண்டாம். பன்னிரண்டு வோல்ற்றில் ஓடுவதால் அதையும் ஒரு யூபிஎஸ்ஸில் கொளுவிவிட்டோம்.

அண்ணாவுக்குத்தான் முதலில் மனவருத்தம். காலையில் அம்மா கேற்றடிச் செவ்வரத்தையில் பூப் பிடுங்குவதை அவர் அந்தப் பற்றரி மணியில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கும் பெரிய விஷயமாகப் பட்டது. அதனால் உள்ளே உள்ள திரையில் வைஃபை இருக்கும் வகையாகப் பார்த்து வாங்கினேன். கேற்று வரைக்கும் வயர், திரையிலிருந்து ரவுட்டருக்கு மட்டும் வைஃபை. திரை ரவுட்டருக்குப் பக்கத்தில் இருப்பதால் அறுபடுவதில்லை. அண்ணா இப்போதும் பூப் பிடுங்குவதைப் பார்க்கிறார்.

வட அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் “வயர்ட்” மணிகளில் மட்டும் கவனம். அவை 16 முதல் 24 வோல்ற் ஏசியை எதிர்பார்ப்பவை. நம் வீட்டுப் பழைய அழைப்பு மணி வயரில் வருவது நேரே 230. தகுந்த ட்ரான்ஸ்போமர் இல்லாமல் கொளுவினால் மணி எரியும், ஆளுக்கும் ஆபத்து.

எங்கள் வயர் மணி இன்னும் ஒரு மாரி காணவில்லை. ஐப்பசி மழையில் கேற்றுப் பெட்டிக்குள் ஈரம் போகுமா என்பதை இனித்தான் பார்க்க வேண்டும். மேலே ஒரு சின்னத் தகரக் கூரை அடித்திருக்கிறேன். இடியும் ஒரு பயம். வெளியே நீளமாக ஓடும் கேபிளில் மின்னல் அதிர்ச்சி ஏறி உள்ளே வரலாம். அம்மா ரீவியோடு சேர்த்து இதன் பிளக்கையும் கழற்றப் பழகிவிட்டார். முன்வீட்டு மாமியின் முற்றம் படத்தில் விழுந்ததால், ஆப்பு வைத்துக் கமராவைச் சற்றுத் திருப்பியும் விட்டோம்.

வாசற்கதவு நேரே றோட்டில் திறக்கிற வீடு, மாடி வீடு, வாடகை வீடு என்றால் வயருக்காகச் சுவரைத் துளைக்கச் சொல்லமாட்டேன். ரவுட்டர் பக்கத்தில் இருந்து, வெயில் படாமல், சார்ஜ் போட ஒரு ஆளும் வீட்டில் இருந்தால் பற்றரி மணி நன்றாகவே ஓடும். அண்ணா தந்ததை நான் எறியவில்லை. பின்விறாந்தையில், கிணற்றடியைப் பார்த்தபடி நிழலில் பூட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம் பூனையைத் தவிர அதிகம் யாரும் போவதில்லை. வைகாசியில் சார்ஜ் போட்டது, இன்றைக்கும் பாதிக்கு மேல் காட்டுகிறது.