சேலத்துச் சாப்பாட்டோடு சோவின்யோன் பிளாங்: சில வருட அனுபவம்

எங்கள் வீட்டில் சில வருடங்களாக வெள்ளை ஒயின் என்றால் நாசிக் பக்கம் விளைந்த சோவின்யோன் பிளாங்தான். இனிப்பே தெரியாத 'டிரை' வகை. திராட்சையின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்துத் தீர்ந்திருக்கும். ஐரோப்பியக் கணக்கில் லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் மிஞ்சக்கூடாது. புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 கிராம் வரை விடுவார்கள். பழரசம் போல இருக்கும் என்று நினைத்து முதல் மிடறு குடிப்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பக்கத்தில் சாப்பிட ஏதும் இல்லாமல் இதை எடைபோடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சோவின்யோன் பிளாங் என்பது ஒரு திராட்சை வகையின் பெயர். அதற்குத் தாய்வீடு பிரான்ஸ். லுவார் பள்ளத்தாக்கும் போர்தோவும் இதற்குப் பேர்போன இடங்கள். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் ஒரு பச்சை வாசனை வரும். அறுத்த புல், நறுக்கிய குடைமிளகாய். குடைமிளகாய்க்கு மணம் தரும் பைரசின் வகைச் சேர்மம் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. வெயிலில் பழம் பழுக்கப் பழுக்க அது குறைந்துகொண்டே வரும். நான் வாங்கிய நாசிக் பாட்டில்களில் பச்சை வாசனை மட்டாகவும், கொய்யா, எலுமிச்சைத் தோல் மணம் கூடுதலாகவும் இருந்திருக்கின்றன.

அந்தப் பச்சை வாசனைக்கு நம் ஊரில் ஒரு ஜோடி இருக்கிறது. தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே சட்னி. வண்டிக்கடையில் "அண்ணா, கார சட்னி வேண்டாங்க, பச்சை சட்னி மட்டும் போடுங்க" என்று சொல்லிவிடுவேன். வடையையும் சட்னியையும் தனித்தனியாகக் கட்டி வாங்கிவந்து, வீட்டில் சேர்த்தால் மொறுமொறுப்பு போகாது. புதினா, கொத்தமல்லியின் வாசனை ஒயினின் வாசனையோடு அப்படியே கலந்துவிடும். வடையின் எண்ணெயை ஒயினின் புளிப்பு கழுவிவிடும், அடுத்த வடை முதல் வடை மாதிரியே ருசிக்கும். பீட்ரூட்டின் லேசான இனிப்பு மட்டும் கொஞ்சம் இடிக்கும். கேரட்டைக் கூட்டிப் போடச் சொன்னால் சரியாகிவிடும். இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் சாப்பிடவில்லை.

கார சட்னியை ஏன் தவிர்க்கிறேன் என்றால், மிளகாய்க்குக் காரம் தரும் காப்சாய்சின் நாக்கில் எந்த நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறதோ, அதையேதான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் ஏறும், பழ மணம் காணாமல் போகும். அதனால் பள்ளிபாளையம் சிக்கனுக்கு இது வேண்டவே வேண்டாம். காரம் இல்லாமல் முடியாது என்கிற விருந்தாளி வந்தால், கொஞ்சம் இனிப்பு விட்ட செனின் பிளாங் என்ற இன்னொரு வெள்ளை ஒயினை வாங்கி வைப்பேன். புளி தூக்கலான மீன் குழம்பும் ஆகாது. சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். பழுத்த மல்கோவாவை இதோடு வைத்தால் பழமும் வீண், ஒயினும் வீண். அவ்வளவு இனிப்புக்குப் பிறகு ஒயின் வெறும் புளிப்பாகத்தான் தெரியும்.

மீனை வறுத்தால் கதை வேறு. மேட்டூர் அணை கட்லாவோ ஜிலேபியோ கிடைத்தால் மிளகாய்த்தூளை ஒதுக்கிவிட்டு உப்பு, மஞ்சள், இடித்த ஏற்காட்டு மிளகு, கறிவேப்பிலை, அவ்வளவுதான். மிளகின் காரம் தொண்டையில் நின்று எரியாமல் வந்த வேகத்தில் அடங்கிவிடும், ஒயினுக்கு இடம் விடும். எலுமிச்சை பிழியாமலே பரிமாறலாம், அந்த வேலையை ஒயினே செய்துவிடும். லுவார் பக்கம் இதை ஆட்டுப்பால் சீஸோடு சாப்பிடுவார்கள். இங்கே பனீரை வெண்ணெயில் புரட்டி மிளகு தூவினால் ஓரளவு அருகில் வருகிறது, ஆனால் ஆட்டுப்பாலின் அந்தக் கடுப்பு பனீரில் இல்லை.

குளிர்ச்சி 8 முதல் 10 டிகிரி வரை இருக்க வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் கோப்பையில் ஊற்றியது சீக்கிரமே சூடேறும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். ஏற்காட்டில் டிசம்பர் இரவு இதற்கு நேர் எதிர். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் மணமே எழாது. பத்து நிமிடம் மேஜையில் வைத்தால் மெல்ல விரியும்.

வாங்கும்போது லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். ஓக் பீப்பாயில் வைக்காமல் எஃகுத் தொட்டியில் தயாரித்த சோவின்யோன் பிளாங்கை ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். வருடக்கணக்கில் வைத்தால் மெருகேறும் என்ற பேச்சு இதற்குப் பொருந்தாது. கண்ணாடி அலமாரியில் வெயில் பட நின்ற பாட்டில் ஒன்று ஒருமுறை எங்களுக்கு வாய்த்தது. நிறம் பழுப்பேறி, வெந்த ஆப்பிள் வாசனை அடித்தது. அதிலிருந்து உள் அறையில் இருக்கும் பாட்டிலைத்தான் கேட்டு வாங்குகிறோம். திறந்த பாட்டிலை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், அதற்குமேல் மிஞ்சியதைக் காளான் வறுவலில் ஊற்றிவிடலாம்.