டர்பன் கடைத் தட்டில் டீசல் கூலன்ட்: எந்த கேனுக்குக் காசு கொடுக்கலாம்?

சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஸ்பேர்ஸ் கடையில் கூலன்ட் கேட்டால், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் கேட்டால், முதலில் வரும் கேள்வி "சிவப்பா, பச்சையா?" என்பதுதான். அங்கேயே தப்பு தொடங்கிவிடுகிறது. நிறம் வெறும் சாயம். டொயோட்டாவின் பழைய லாங் லைஃப் கூலன்ட் சிவப்பு, வோக்ஸ்வாகன் ஜி12 சிவப்பு, கேட்டர்பில்லர் ஈஎல்சியும் சிவப்பு. முதலாவதில் பாஸ்பேட் என்ற துருத்தடுப்பு மருந்து உண்டு, இரண்டாவதில் அது அறவே இல்லை, மூன்றாவது பெரிய லாரி எஞ்சினுக்கென்றே செய்தது. கேனைத் திருப்பி, பின்பக்க லேபிளில் உள்ள தர எண்ணைப் படியுங்கள். ஃபோர்டு ரேஞ்சர்காரர்கள் கையேட்டில் டபிள்யூஎஸ்எஸ் என்று தொடங்கும் எண்ணையும், வோக்ஸ்வாகன்காரர்கள் டிஎல் 774-க்குப் பின்னால் வரும் எழுத்தையும் பார்த்து, அதே எண் உள்ள கேனை வாங்கினால் போதும்.

நம் ஊர்ச் சாலையில் அதிகம் ஓடுவது டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்அப். டர்பனின் ப்ராஸ்பெக்டனில் உருவாகும் வண்டி. அதன் 2.4, 2.8 டீசல் எஞ்சின்களுக்கு இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு சூப்பர் லாங் லைஃப் கூலன்ட் இதற்குப் பொருத்தமானது. பாஸ்பேட்டும் ஆர்கானிக் அமிலமும் சேர்ந்த கலவை. மற்ற மருந்துகளான சிலிகேட், நைட்ரைட் இரண்டும் இல்லை. பாஸ்பேட் அலுமினியத்தின் மேல் சீக்கிரம் படலம் கட்டும், ஆர்கானிக் அமிலம் மெதுவாகத் தேய்ந்து நெடுநாள் தாங்கும். முதல் மாற்றத்துக்கு 1,60,000 கிமீ அல்லது 10 ஆண்டு, அதன் பிறகு 80,000 கிமீ அல்லது 5 ஆண்டு என்பது டொயோட்டா பொதுவாகச் சொல்லும் கணக்கு. விலை உறுத்தும்தான். ஆனால் அந்த வருடக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் மலிவு கேனைவிட இதுவே சிக்கனம்.

இது பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தே வருகிறது. அதன் பலவீனமும் அங்கேதான். ஒரு கணக்கு: சிஸ்டம் மொத்தம் 12 லிட்டர். ரேடியேட்டர் குழாயை மட்டும் திறந்து பழையதை வடித்து, தண்ணீர் விட்டு அலசி, மறுபடி வடித்தால் 8 லிட்டர்தான் வெளியே வரும். பிளாக்கிலும் ஹீட்டரிலும் 4 லிட்டர் வெறும் தண்ணீர் தங்கிவிடும். அதன்மேல் 8 லிட்டர் கலந்த கூலன்ட் ஊற்றினால் உள்ளே இருக்கும் கிளைக்கால் (உறையாமலும் சீக்கிரம் கொதிக்காமலும் காக்கும் மூலத் திரவம்) 4 லிட்டர், அதாவது 33 சதவீதம்தான். ஹாரிஸ்மித் குளிரில் உறையாது, 33 சதவீதம் மைனஸ் 17 வரை தாங்கும். ஆனால் துருத்தடுப்பு மருந்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதே! ஆகவே கலந்த வகை வாங்கினால் பிளாக்கின் வடிகால் போல்ட்டையும் கழற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அதே தரத்தில் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் கிடைக்கும் வண்டிகளுக்கு அதை 6 லிட்டர் முதலில் ஊற்றி, மிச்சம் 2 லிட்டரை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் கணக்கு சரியாகும்.

ஆப்பிரிக்க வெயிலில் கிளைக்கால் எதற்கு என்று கேட்பவர்கள் என்3 நெடுஞ்சாலையை நினைத்துப் பார்க்கட்டும். கடல் மட்டத்தில் கிளம்பி, வான் ரீனன் கணவாய் ஏறி, 1,700 மீட்டர் உயரத்து ஜோஹன்னஸ்பர்க் போகிறோம். அங்கே வெறும் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதிக்கும். 50 சதவீதக் கலவையும், சுமார் 1 பார் அழுத்தம் பிடிக்கும் நல்ல ரேடியேட்டர் மூடியும் இருந்தால் டர்பனில் கொதிநிலை 129 டிகிரி வரை போகும், மேட்டு நிலத்தில் சில டிகிரி குறையும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்த லாபம் அத்தனையும் காணாமல் போகும். எவ்வளவு உயர்ந்த கூலன்ட் வாங்கினாலும் பழைய மூடியை அப்படியே போட்டுத் திருகுவது நம்மவர் வழக்கம். அதற்காக 100 சதவீதம் கிளைக்கால் ஊற்றுவதும் கூடாது. தனிக் கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறையும், வெப்பத்தையும் தண்ணீரளவுக்குச் சுமக்காது.

லாரிக்காரர்கள் கதை வேறு. கம்மின்ஸ் எக்ஸ்15, கேட்டர்பில்லரின் கேட் சி15 போன்ற எஞ்சின்களில், பிஸ்டன் ஓடும் உருளையான லைனரின் வெளிப்புறம் நேராகக் கூலன்டில் நிற்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிரும். அதிர்வில் சின்னஞ்சிறு ஆவிக்குமிழிகள் தோன்றி, லைனர் மேலேயே நசுங்கி உடையும். அந்த அடி உலோகத்தைப் பொத்தல் பொத்தலாகக் குடைந்து, ஒருநாள் ஓட்டை விழுந்து கூலன்ட் ஆயிலில் கலக்கும். இதைத் தடுப்பது நைட்ரைட், மாலிப்டேட் போன்ற மருந்துகளும் அதற்கென்றே அமைத்த ஆர்கானிக் அமிலங்களும்தான். லேபிளில் ஏஎஸ்டிஎம் டி6210 அல்லது கேட்டர்பில்லர் ஈசி-1 என்ற தர எண் இருக்க வேண்டும். டி3306 மட்டும் இருந்தால் அது கார் சரக்கு, லாரியில் ஊற்ற வேண்டாம். டி4985 என்றால் துணை மருந்தைத் தனியாகச் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

இந்த வரிசையில் கேட் ஈஎல்சிக்கே முதல் மதிப்பெண். 6,000 மணி நேரத்தில் எக்ஸ்டெண்டர் என்ற ஆயுள் நீட்டும் மருந்தை ஒருமுறை சேர்த்தால் 12,000 மணி நேரம் ஓடும். குறை ஒன்று: வேறு சாதாரணக் கூலன்ட் 10 சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டால் இந்த ஆயுள் கணக்கு செல்லாது. வழியில் நிறுத்தி எதையாவது ஊற்றும் டிரைவர் இருந்தால் ஈஎல்சி வாங்கிய பணம் வீண். ஹைலக்ஸ் போன்ற பாக்கி (பிக்அப்) வண்டிக்கும் இதையே ஊற்றலாமே என்று தோன்றும், வேண்டாம். நைட்ரைட் உள்ள வகை அலுமினிய ரேடியேட்டரில் அம்மோனியாவாகச் சிதைந்து காரத்தன்மையை ஏற்றும்.

"எந்த நிறத்தோடும் கலக்கலாம்" என்று எழுதிய கேன்கள் அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். கலந்தபின் ஆயுள் பலவீனமானதன் ஆயுள்தான். சிலிகேட் வகையும் ஆர்கானிக் வகையும் கலந்து களியாகிப்போன ரேடியேட்டர்களும் உண்டு.

தட்டின் அடியில் கிடக்கும் மலிவுப் பச்சை கேன்களில் கிளைக்கால் சதவீதமும் இல்லை, தர எண்ணும் இல்லை என்றால் தொடவே வேண்டாம். 30 சதவீதம் என்று போட்ட 5 லிட்டர் கேனில் கிளைக்கால் ஒன்றரை லிட்டர்தான். 5 லிட்டர் கான்சன்ட்ரேட் 10 லிட்டர் சரியான கலவை தரும். விலையை இப்படி ஒப்பிடுங்கள். கையில் கலவையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டில் உண்மை தெரியும். ஆனால் அது கிளைக்காலை மட்டுமே காட்டும். மருந்து தீர்ந்ததா என்பதற்கு அந்தந்த வகைக்கான டெஸ்ட் ஸ்ட்ரிப் வேண்டும்.

கலக்க டிஸ்டில்டு வாட்டர்தான். டர்பன் குழாய்த் தண்ணீர் மென்மையானதுதான், ஆனாலும் அதில் குளோரைடு உண்டு. வறண்ட கரூ பக்கத்து போர்வெல் தண்ணீர் பாஸ்பேட்டோடு சேர்ந்தால் ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பாகப் படியும்.

ஊற்றும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். வண்டியின் மூக்கை மேடான இடத்தில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுத் திருகு இருந்தால் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓட்டி, ஆறவிட்டு மட்டம் பாருங்கள். காற்று தங்கினால் சென்சார் ஆவியில் நின்று முள்ளைக் கீழேயே காட்டும், ஹெட் வளைந்த பிறகுதான் தெரியவரும். வெளியே கசிவே இல்லாமல் மட்டம் இறங்கி, வெள்ளைப் புகையும் வந்தால் கூலன்டைக் குறை சொல்லாமல் இஜிஆர் கூலரையும் (எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) ஹெட் கேஸ்கட்டையும் சோதியுங்கள்.

வடித்த பழைய கூலன்ட் இனிக்கும். நாய் நக்கினால் சிறுநீரகம் போய் சாகும். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் இதையும் எடுப்பார்களா என்று கேட்டுக் கொடுங்கள். ஆயிலோடு மட்டும் கலக்காதீர்கள், கலந்ததை அவர்கள் வாங்க மாட்டார்கள்.