‘எலிசபெத் டெய்லர் மாடல்’ பச்சைக்கல் பதக்கம்: பினாங்கு நகைக்கடை ஒன்றில் என் அனுபவம்

என் அம்மாவின் மோதிரத்தில் இருந்த பச்சைக்கல்லை, மகளின் நிச்சயதார்த்தத்திற்குப் பதக்கமாக மாற்றித் தரும்படி ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் உள்ள ஒரு நகைக்கடையில் கொடுத்திருந்தேன். குறைகளையும் எழுதப்போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலாளியின் மகன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, “ஆன்டி, இது எலிசபெத் டெய்லர் மாடல். காதலுக்காகவே செய்த நகை” என்றார். அது இத்தாலிய நகை நிறுவனமான புல்காரியின் மரகத ப்ரோச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் நகை. நடுவில் 23 காரட்டுக்கும் மேற்பட்ட கொலம்பிய மரகதம், சுற்றிலும் வைரங்கள். படம் சரிதான்; தம்பி சொன்ன கதைதான் பாதி. அந்த நகை செய்யப்பட்டது 1958இல். ஹாலிவுட் நடிகை டெய்லரும் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனும் ‘கிளியோபாட்ரா’ படப்பிடிப்பில் காதல்வயப்பட்டதோ 1962இல், ரோமில். இருவருக்கும் அப்போது வேறு வேறு துணைகள் இருந்தார்கள். வத்திக்கான் வார இதழ் வரை கண்டனம் எழுதிய காதல் அது. புகைப்படக்காரர்கள் துரத்திக்கொண்டிருந்த அந்த நாட்களில், வியா கொண்டோட்டி தெருவில் இருந்த புல்காரி கடைக்கு அவர்கள் அடிக்கடி போய்வந்தார்கள். எலிசபெத்துக்குத் தெரிந்த ஒரே இத்தாலியச் சொல் புல்காரி என்று பர்ட்டன் பிறகு கேலி செய்ததுண்டு. ப்ரோச் நிச்சயதார்த்தப் பரிசானது. 16 மரகதங்கள் கோத்த கழுத்தணி திருமணப் பரிசானது. 1964 மார்ச் 15இல் மொன்ட்ரியாலில் நடந்த திருமணத்தில், மஞ்சள் உடையில் அந்த ப்ரோச்சைக் குத்திக்கொண்டுதான் டெய்லர் நின்றார். 1974இல் விவாகரத்து, 1975இல் அதே இருவருக்குள் மறுமணம், 1976இல் மறுபடியும் விவாகரத்து. நிச்சயதார்த்த நகைக்கு இதை முன்மாதிரியாகக் காட்டலாமா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். சம்பந்தி வீட்டாரிடம் இந்தப் பகுதியை நான் சொல்லவில்லை.

ஆனாலும் அந்த நகையில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ப்ரோச்சைத் தனியாகக் குத்திக்கொள்ளலாம், கழுத்தணியில் பதக்கமாகவும் மாட்டிக்கொள்ளலாம். என் மகள் அலுவலகத்துக்குச் சங்கிலி அணிபவள், விழாவுக்கு மட்டும் சேலை கட்டுபவள். அதனால் இந்த இரட்டை அமைப்பைத்தான் நான் கேட்டேன்.

கல்லைக் கட்டிய பெரியவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது தம் முதல் போனஸில் வாங்கித் தந்த மோதிரம் என்பதால், அம்மா அதைக் கழற்றாமலே பாத்திரம் தேய்ப்பார். கல்லின் ஒரு மூலை சிறிது உடைந்திருந்தது. பெரியவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்து, “பாருங்கம்மா, உள்ளே இழை இழையாகத் தெரிகிறதே, அது இயற்கை. மூலைதான் அடிபட்டிருக்கிறது” என்றார். மரகதத்தை எட்டு பக்கமாக, மூலைகளை வெட்டிச் சாணை பிடிப்பதற்கு இந்த நொறுங்கும் குணமே காரணம்; டெய்லரின் கல்லும் அப்படி வெட்டியதுதான். அம்மாவின் கல்லையும் அதே வடிவத்துக்குக் கொண்டுவந்து, உடைந்த இடம் தெரியாமல் செய்துவிட்டார். எடை கொஞ்சம் குறையும் என்பதை முன்கூட்டியே சொல்லி, நான் சம்மதித்த பிறகே சாணையைத் தொட்டார். பற்றவைக்கும் வேலை முழுவதையும் கல்லை வைப்பதற்கு முன்பே முடித்தார். மரகதத்தின் விரிசல்களில் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள் என்பதால், சூடு பட்டாலும், அதிர்வலையால் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் போட்டாலும் அது வெளியேறிக் கல் மங்கிவிடும். கடைப் பையன் பளபளப்புக்காக அந்த இயந்திரத்தை நோக்கி நகையைக் கொண்டுபோனபோது, பெரியவர் ஓர் அதட்டலில் நிறுத்தினார். அந்த அதட்டலுக்கே செய்கூலியைக் கொடுக்கலாம்.

குறைகளுக்கு வருகிறேன். இரண்டு வாரம் என்று சொன்ன வேலை ஐந்து வாரம் இழுத்தது. விழாவுக்கு இரண்டு நாள் முன்புதான் கைக்கு வந்தது. ரசீதில் சேதாரமும் செய்கூலியும் ஒரே தொகையாக இருந்தன. நான் கேட்ட பிறகே பிரித்து எழுதினார்கள். கல்லைப் பிடித்திருக்கும் சிறு நகங்களில் ஒன்று சரியாக அராவப்படாமல், விழா நாளில் மகளின் காஞ்சிபுரம் முந்தானையில் ஒரு பட்டு இழையை இழுத்துவிட்டது. மறுநாள் போனதும் பத்து நிமிடத்தில், காசு வாங்காமல் சரிசெய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

டெய்லர் மறைந்த 2011ஆம் ஆண்டின் டிசம்பரில், நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில், அந்த ப்ரோச் 65 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலைபோனது. புல்காரியே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. எங்கள் பதக்கத்தின் பின்புற ஊசிக்கு இன்னும் பூட்டு இல்லை. அதை வைக்கச் சொல்லி மறுபடியும் அதே கடையில் கொடுத்திருக்கிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.